மண்ணும் தெய்வம்தான்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். உயிர் கரையேற உடலை எரித்தே ஆக வேண்டுமா, புதைப்பதும் இந்து மரபுக்கு ஏற்றதுதானா என்பது தலைப்பு. புதைப்பதும் ஏற்றதே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தோழர் ஈசாவாசிய உபநிடதத்தைக் காட்டினார். இந்த உடல் சாம்பலில் முடியட்டும் என்று அதில் இருப்பது உண்மை. உடல் கிடக்கும்வரை உயிர் அதையே சுற்றிவரும், தீ வைத்தால்தான் பற்று அறும் என்றும் சொன்னார். சரி, அதற்கும் முந்திய ரிக்வேதத்துக்கே போவோம். பத்தாம் மண்டலத்தின் 16ஆம் சூக்தம், அதாவது துதிப்பாடல், இறந்தவனை எரிக்கும் அக்கினியிடம் பேசுகிறது. 18ஆம் சூக்தமோ நிலத்திடம் பேசுகிறது: தாய் பிள்ளையை முந்தானையால் மூடுவதுபோல இவனை மூடிக்கொள் என்று கேட்கிறது. 15ஆம் சூக்தத்தில் தீயில் எரிந்த பிதிர்களும், அதாவது இறந்த முன்னோரும், எரியாத பிதிர்களும் சேர்ந்தே வானுலகில் மகிழ்ந்திருக்கிறார்கள். எரியாதவர்களுக்கு அங்கே கதவு சாத்தவில்லையே!

நம் மணிமேகலையும் புகார் நகரத்துச் சுடுகாட்டில் சுடுவோர், குழியில் படுப்போர், தாழியில் கவிப்போர் என எல்லோரையும் ஒரே வரிசையில்தான் நிறுத்துகிறது.

இனி திருமூலருக்கு வருகிறேன். ஊனுடம்பு ஆலயம் என்றவர் அவர். ஞானியின் உடல் தீயில் வெந்தால் நாடே வெம்மையால் வாடும் என்று அஞ்சுகிறார். அதோடு விடவில்லை. குழி ஒன்பது சாண் ஆழம் இருக்க வேண்டும், உள்ளே முக்கோணக் குகை வேண்டும், உடல் பத்மாசனத்தில் இருக்க வேண்டும் என்று அளவு சொல்லித் தருகிறார். உடலை வெறும் கழிவாக நினைப்பவர் இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சொல்வாரா? சிவனை வழிபடும் கர்நாடகத்து லிங்காயத்துகள் இன்றும் உட்கார்ந்த நிலையில்தான் அடக்கம் செய்கிறார்கள். வள்ளலார் இன்னும் ஒரு படி மேலே போனார். ஞானிக்கு மட்டுமல்ல, யாரையுமே சுட வேண்டாம், புதையுங்கள் என்று மன்றாடினார்.

திருவண்ணாமலை அக்கினித் தலம். இறைவனே நெருப்பாய் நின்ற மலை. 1950இல் ரமணர் மறைந்தபோது அந்த மலையடிவாரத்திலேயே அவர் உடலை மண்ணில்தான் வைத்தார்கள். அவர் உயிர் கரையேறவில்லை என்று சொல்ல இந்த அவையில் யாருக்காவது மனம் வருமா?

ஞானிகள் விதிவிலக்கு, அவர்களுக்குப் பற்று இல்லை என்பார்கள். அப்படியானால் உயிரைக் கட்டிப்போடுவது பற்று; உடல் மண்ணில் இருப்பது அல்ல. பற்றை வாழும்போதே அறுக்க வேண்டும், விறகு அடுக்கி அறுக்க முடியாது. ஆன்மாவை நெருப்பு எரிக்காது என்கிறது கீதை. நெருப்பால் தொடவே முடியாத ஒன்றை நெருப்புதான் விடுவிக்க வேண்டும் என்பது எப்படிப் பொருந்தும்?

நகரத்தில் இடமில்லை என்றார்கள். நியாயமான கவலைதான், ஆனால் அது நிலத்தின் பிரச்சினை, ஆன்மாவின் பிரச்சினை அல்ல. தலைமுறை தலைமுறையாகப் புதைத்துவரும் குடும்பங்களிடம் "இந்து என்றால் எரிக்கத்தான் வேண்டும்" என்று சொல்லி, அவர்கள் முன்னோரையே குறையுள்ளவர்களாக ஆக்குவதுதான் எனக்கு வலிக்கிறது.

அடுத்துப் பேச வரும் எதிரணித் தோழர் ஒன்றுக்கு மட்டும் பதில் சொல்லட்டும். எரிக்கும் வழக்கமுள்ள வீட்டிலும் பால்குடி மாறாத குழந்தை இறந்தால் புதைக்கிறோம். இரண்டு வயது நிரம்பாத பிள்ளைக்குத் தீ வேண்டாம் என்று மனுவே சொல்கிறார். அந்தக் குழந்தையின் உயிர் எங்கே போகிறது?