ஆற்று நீருக்கு நாடி பார்க்கும் நுண்ணுயிர்

நேயர்களுக்கு வணக்கம். 2020 செப்டம்பரில் மலேசியாவின் ரவாங் பக்கம் சுங்கை கோங் ஆற்றில் கலந்த கழிவு, சிலாங்கூர் ஆற்று நீரை நாறடித்தது. நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டன. கிள்ளான் பள்ளத்தாக்கில் ஏறக்குறைய 12 லட்சம் இணைப்புகளுக்குத் தண்ணீர் நின்றது. வாளியோடு லாரித் தண்ணீருக்குக் காத்திருந்தவர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். நீர் எடுக்கும் இடத்திலேயே நஞ்சை உணர்த்தக்கூடிய ஒரு கருவியைப் பற்றி இன்று பேசுகிறேன்: நுண்ணுயிர் மின்வேதி உணரி.

ஜியோபேக்டர் போன்ற பாக்டீரியாக்கள், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் உணவைச் சிதைத்துக் கிடைக்கும் எலக்ட்ரான்களைக் கார்பன் மின்முனையிடம் கொடுத்துவிடும். அந்த மின்னோட்டம்தான் அவற்றின் நாடி. நஞ்சு பட்டால் நாடி தளரும்.

கருவி எளியது. 50 மில்லிலிட்டர் மூடிய அறை, அதனுள் கம்பளம் போன்ற கார்பன் ஃபெல்ட் துண்டு ஆனோடாக, அதாவது பாக்டீரியா எலக்ட்ரானைக் கொடுக்கும் மின்முனையாக. ஒரு சவ்வுக்கு அப்பால் காற்றைத் தொடும் கேத்தோடு, அதாவது எலக்ட்ரான் போய்ச் சேரும் எதிர் மின்முனை. இரண்டுக்கும் இடையே 1000 ஓம் மின்தடை. அதன் முனைகளில் 0.4 வோல்ட் தெரிந்தால் ஓடுவது 0.4 மில்லியாம்பியர். கழிவுநீர் நிலையத்துச் சேற்றைச் சிறிது விட்டு, லிட்டருக்கு 1 கிராம் சோடியம் அசிடேட், பாஸ்பேட் உப்பு, காரகாடி அளவு (pH) 7 என்று வைத்து ஊட்ட வேண்டும். சில வாரங்களில் மின்முனை மேல் பாக்டீரியாக்கள் ஒட்டி வளர்ந்த உயிர்ப்படலம் பிடித்து, அளவீடு நிலைக்கும். அவசரப்படக் கூடாது; நிலைக்காத படலத்தின் அளவீட்டை நம்ப முடியாது.

தடுமாற்றம் வருவது நம் மழையில்தான். மாலையில் கொட்டித் தீர்த்தால் ஆற்று நீரின் உப்பும் உணவும் நீர்த்துப்போகும், மின்னோட்டம் தானே இறங்கும். அது நஞ்சல்ல, பசி. அதனால் உள்ளே வரும் நீரில் அசிடேட்டையும் பாஸ்பேட்டையும் தாராளமாகக் கலந்துவிட வேண்டும். உணவு குறையாதபோது இறக்கம் வந்தால்தான் சந்தேகிக்கலாம். ஆற்று நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனும் எலக்ட்ரானைப் பறித்துக்கொள்ளும். நைட்ரஜன் வாயுவைக் குமிழியிட்டு அதை விரட்ட வேண்டும். வெப்பநிலை மாறினாலும் மின்னோட்டம் மாறும்; அதைப் பிரித்தறிய, பக்கத்திலேயே சுத்த நீர் ஓடும் இதே போன்ற இன்னோர் உணரி வேண்டும். இரண்டும் சேர்ந்து இறங்கினால் பழி வெப்பத்தின் மேல், ஆற்று உணரி மட்டும் இறங்கினால் எச்சரிக்கை. அந்தச் சுத்த நீர் குழாய் நீரானால் முதலில் சோடியம் தயோசல்பேட் கலந்து குளோரினைப் போக்குங்கள். இல்லாவிட்டால் குளோரினே படலத்தைக் கொன்றுவிடும்.

படலம் தடிக்க விடுவது பலரும் செய்யும் பிழை. மின்னோட்டம் கூடும்தான், ஆனால் மேலடுக்கு கவசமாகி உள்ளே இருப்பவற்றைக் காக்கும், உணர்திறன் மழுங்கும். இளம் மெல்லிய படலமே நல்ல காவலாளி.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எந்த நஞ்சு என்று இது சொல்லாது. பல உலோகங்களுக்கு லிட்டருக்குச் சில மில்லிகிராம் வந்தால்தான் தெளிவாக அசையும். குடிநீரில் ஈயத்துக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவோ 0.01 மில்லிகிராம். ஆகவே ஆய்வகப் பரிசோதனைக்கு இது மாற்றல்ல. மாதிரியை எப்போது எடுக்க வேண்டும் என்று கூப்பிடும் மணி. மின்னோட்டம் திடீரென விழுந்ததும் தானாகவே ஒரு புட்டி நீர் பிடித்துக்கொள்ளும் வால்வை இணைத்துவிட்டால், நஞ்சு ஓடிப்போன பிறகும் சான்று கையில் இருக்கும்.

நச்சு நீர் போன பின் சுத்த நீர் விட்டும் மின்னோட்டம் மீளவில்லையென்றால் படலம் செத்துவிட்டது. புதிதாக வளர்க்க மீண்டும் சில வாரம் பிடிக்கும். அதுவரை ஆறு காவலின்றிக் கிடக்கும். அதனால் மூன்றாவது உணரி ஒன்றை அசிடேட் ஊட்டி எப்போதும் தயாராக வைத்திருங்கள்.