செத்த பேட்டரியில் இருந்து கிராஃபீன்! உலையில் எரிந்துபோகும் கருப்புப் புதையல்

வணக்கம் நண்பர்களே! ஒரு மின்சாரக் கார் பேட்டரியில் லித்தியம் சராசரியாக 10 கிலோகூட இருக்காது. கிராஃபைட் 60 கிலோவுக்கும் மேல் இருக்கும். பென்சில் முனையில் இருக்கிற அதே கிராஃபைட்தான். ஆனால் பேட்டரி செத்து மறுசுழற்சிக்குப் போனால் எல்லாரும் கோபால்ட், நிக்கல், லித்தியம் என்றுதான் தேடுகிறார்கள். உருக்காலைக்குப் போகிற கிராஃபைட் உலையிலேயே எரிந்து கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடுகிறது. எனக்கு இது வயிற்றெரிச்சல்!

பின்னணியை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். கிராஃபைட்டில் இருந்து ஒற்றை அணு அடுக்கை உரித்தால் அது கிராஃபீன். 2004இல் மான்செஸ்டரில் கெய்ம், நோவோசெலோவ் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சாதாரண ஒட்டு டேப்பை வைத்து அதை உரித்துக் காட்டினார்கள். 2010இல் நோபல் பரிசு.

சரி, இப்போதுதான் எனக்குப் பிடித்த இடம். கிராஃபைட் அடுக்கடுக்காக இருக்கும், அடுக்குகளுக்கு நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி. நீங்கள் சார்ஜ் போடும்போது லித்தியம் அந்த இடுக்குகளில் நுழைகிறது, இடைவெளி 0.37 நானோமீட்டர் வரை விரிகிறது. பேட்டரியைப் பயன்படுத்தும்போது லித்தியம் வெளியேற, மறுபடி சுருங்குகிறது. ஆயிரம் தடவை இப்படி விரிந்து சுருங்கினால் என்ன ஆகும்? பரோட்டா மாஸ்டரைப் பாருங்கள். கல்லில் இருந்து எடுத்த பரோட்டாவை அடுக்கி, இரண்டு பக்கமும் படபடவென்று தட்டுவார். உள்ளே ஒட்டியிருந்த அடுக்கெல்லாம் பிரிந்து நிற்கும், அப்புறம் விரலால் இழுத்தாலே உரிந்து வரும். வருஷக்கணக்கில் நீங்கள் போட்ட ஒவ்வொரு சார்ஜும் அப்படி ஒரு தட்டுதான்! அதனால்தான் பழைய பேட்டரி கிராஃபைட்டில் இருந்து கிராஃபீன் உரிப்பது, புது கிராஃபைட்டில் உரிப்பதைவிடச் சுலபமாக இருக்கிறது. பழசானதே அதன் தகுதி ஆகிவிட்டது. இதைப் படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை.

செய்முறை: பேட்டரியின் மின்சாரத்தை முழுக்க இறக்கி, பிரித்து, செம்புத் தகட்டில் பூசியிருக்கும் கிராஃபைட்டைக் கழற்றி, அமிலத்தில் கழுவுவார்கள். பிறகு கந்தக அமிலமும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் சேர்த்து அடுக்குகளைத் தளர்த்தி, மீயொலியால் (காதுக்கு எட்டாத ஒலி அதிர்வால்) பிரிப்பார்கள். கிடைப்பது கிராஃபீன் ஆக்சைடு, அதாவது ஆக்சிஜன் ஒட்டிய கிராஃபீன். அதைப் பக்குவப்படுத்தினால் சூப்பர் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சட்டென்று சேமித்துச் சட்டென்று தருவது), மின்கடத்தும் மை என்று பல வேலைக்கு ஆகும்.

இதில் மிஞ்சுகிற அமிலக் கழிவு பெரிய தலைவலி. அதனால் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் டூர் குழு 2022இல் காட்டிய வழிதான் எனக்கு அதிகம் பிடித்திருக்கிறது. மின்சாரத்தைப் பாய்ச்சி, நொடிகளில் 2,500 டிகிரிக்குச் சூடேற்றி, கிராஃபைட்டைச் சுத்தம் செய்து, மறுபடி பேட்டரிக்கே அனுப்பலாம். செயற்கை கிராஃபைட்டை நாள்கணக்கில் உலையில் வேகவைத்துத் தயாரிக்கிற செலவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்!

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: வீட்டில் போன் பேட்டரியை உடைத்துப் பார்க்காதீர்கள், தீப்பிடிக்கும். பழைய பேட்டரியை மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். உங்கள் ஊரில் அது எங்கே இருக்கிறது என்று கமெண்டில் எழுதினால், பக்கத்தில் இருக்கிறவர்களுக்கும் உதவும்.