ஏசியா, காற்றோட்டமா?

நடுவர் அவர்களே, 'கல்லூரி வகுப்பறையின் வெக்கையைப் போக்க வேண்டியது ஏசியா, காற்றோட்டமா?' என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, பட்டிமன்றத்தை ஏசி அரங்கத்தில் வைத்திருக்கிறீர்கள். எதிரணிக்கு இது சொந்த ஊர் மைதானம். பரவாயில்லை, காற்றோட்டமே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் 2020-ல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வைச் சொன்னார். ஏசி இல்லாத பள்ளிகளில் அந்தக் கல்வியாண்டின் வெப்பம் 1 டிகிரி ஃபாரன்ஹீட் கூடினால், படிப்பில் சுமார் 1 சதவீதம் போய்விடுகிறதாம். ஒத்துக்கொள்கிறேன். வெக்கை படிப்பைக் கெடுக்கும் என்பதில் இங்கே யாருக்கு என்ன சண்டை? அதற்கு மருந்து எது என்பதுதானே வழக்கு!

சரி, கணக்குப் போடுவோம். சும்மா உட்கார்ந்திருக்கிற ஒரு ஆளின் உடம்பு ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை வெளியே விடுகிறது. 60 பேர் வகுப்பில் 6,000 வாட். ஒன்றரை டன் ஏசி மூச்சுப் பிடித்து ஓடினாலும் வெளியேற்றுவது 5,300 வாட் அளவுதான். வெயிலை விடுங்கள், கூரையை விடுங்கள், பிள்ளைகளின் உடம்புச் சூட்டுக்கே அது போதவில்லை. இரண்டு மூன்று மாட்டுவோம் என்பார்கள். மாட்டினால் ஜன்னலைச் சாத்தவேண்டும், சாதாரண ஸ்பிளிட் ஏசியோ வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது, இருக்கிற காற்றையே திரும்பத் திரும்பக் குளிர வைக்கும், அப்புறம் 60 பேர் விட்ட மூச்சை 60 பேரும் பங்கு போட்டுக்கொண்டு, கார்பன் டை ஆக்சைடு ஏறி, கண் சொருகும். பழி பாடம் நடத்துகிறவர் மேல் விழும், பாவம்.

உடம்புக்குச் சுகம் என்பது தெர்மாமீட்டர் மட்டும் சொல்கிற சங்கதி இல்லை நடுவர் அவர்களே. காற்றின் வெப்பம், சுவரும் கூரையும் வீசுகிற அனல், ஈரப்பதம், காற்றின் வேகம், போட்டிருக்கும் துணி, செய்கிற வேலை, இந்த ஆறையும் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் வியர்வை காயாததுதான் பாதித் தொல்லை. அதற்கு ஓடுகிற மின்விசிறியும் எதிரெதிர் ஜன்னலும் வேண்டும். மேல்மாடி வகுப்பில் மத்தியானம் உட்கார்ந்தவர்களைக் கேளுங்கள், அங்கே தலைக்கு மேல் தளமே அடுப்பு. மொட்டை மாடிக்கு வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடித்தாலே அந்த அனல் குறையும்.

ஜன்னலைத் திறக்கவும் துணியை மாற்றிக்கொள்ளவும் உரிமை இருக்கிற இடத்தில் மனிதர்கள் கூடுதல் சூட்டையும் சௌகரியமாகவே தாங்குகிறார்கள் என்பதை உலகத்தரக் கட்டட விதிகளே ஏற்றுக்கொண்டு பல வருடம் ஆகிவிட்டது. நம் கல்லூரிகளில் என்ன நடக்கிறது? சட்டையை இன் பண்ணு, ஷூ போடு, சத்தம் வருகிறது ஜன்னலை மூடு! ஏப்ரலில் மட்டுமாவது செருப்புப் போட்டு வரலாம், சட்டையை வெளியே விடலாம் என்று சொல்ல ஒரு சுற்றறிக்கை போதும், டெண்டர் வேண்டாம். இதைக்கூடச் செய்யாமல் நேரே ஏசிக்கு ஏன் ஓடுகிறீர்கள் என்று, அடுத்துப் பேச வருகிற எதிரணித் தோழி முதலில் பதில் சொல்லட்டும்.