குதிகால் வலியா? முழங்காலை மடக்கிப் பாருங்கள்!

(காட்சி: புதுச்சேரி கடற்கரைச் சாலை, விடியற்காலை. காந்தி சிலையைத் தாண்டி நடப்பவர்களின் கால்கள் மட்டும்.)

காலையில் கட்டிலை விட்டு இறங்கி முதல் அடி வைக்கிறீர்கள். குதிகாலில் ஆணி ஏறியது போலச் சுருக்கென்று ஒரு வலி. கொஞ்ச தூரம் நடந்ததும் குறைகிறது. மறுநாள் காலையில் மறுபடியும் அதே வலி. உங்களுக்கோ உங்கள் வீட்டில் யாருக்கோ இப்படி இருந்தால் இன்னும் ஐந்து நிமிடம் என்னோடு இருங்கள். தைலம் தேய்த்தது குதிகாலில்தான், ஆனால் நீட்டிவிட வேண்டிய சதை அதற்கு ஒரு சாண் மேலே இருக்கிறது.

வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு இந்த வலி ஒரு வருடம் இருந்தது. வெந்நீர் ஒத்தடம், மெத்தென்ற செருப்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் ஒரு பிசியோதெரபிஸ்ட் குதிகாலைத் தொடக்கூட இல்லை. கெண்டைக்காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது கல்லு மாதிரி இருக்கேம்மா" என்றார். அன்றைக்குத்தான் நான் இதைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குதிகால் எலும்பிலிருந்து கால்விரல்கள் வரை உள்ளங்காலில் ஒரு தடித்த பட்டை ஓடுகிறது. கெண்டைக்கால் இறுகியிருந்தால், அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அந்தப் பட்டையின்மேல் இழுவை கூடுகிறது. அவ்வளவுதான்.

(காட்சி: கடலூர் முதுநகர் துறைமுகம். கட்டிக் கிடக்கும் படகுகள், கயிறுகள்.)

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கெண்டைக்காலைத் தொட்டுப் பார்த்தால் ஒரே உருண்டையாகத்தான் தெரியும். உள்ளே முக்கியமாக இரண்டு சதைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கின்றன. மேலே இருப்பது காஸ்ட்ரோக்னீமியஸ், அடியில் இருப்பது சோலியஸ். இரண்டும் கீழே வந்து குதிகால் நாணில் சேர்ந்து, ஒரே எலும்பைத்தான் பிடித்து இழுக்கின்றன. ஆனால் அவை தொடங்கும் இடம் வேறு. மேல்சதை முழங்காலுக்கு மேலே, தொடை எலும்பில் தொடங்குகிறது. அடிச்சதை முழங்காலுக்குக் கீழேயே தொடங்கிவிடுகிறது.

இந்தப் படகைப் பாருங்கள். இரண்டு கயிறு. ஒன்று தூரத்துக் கம்பத்தில் கட்டியிருக்கிறது, இன்னொன்று பக்கத்துக் கம்பத்தில். தூரத்துக் கம்பம் கொஞ்சம் படகுப் பக்கம் சாய்ந்தால் என்ன ஆகும்? அந்தக் கயிறு தொய்ந்துவிடும். படகு பிடித்து இழுத்தாலும் பக்கத்துக் கயிறுதான் விறைக்கும். உங்கள் காலிலும் இதேதான் நடக்கிறது. முழங்காலை மடக்கினால் மேல்சதை தொய்ந்துவிடுகிறது, இழுவை முழுக்க அடிச்சதைக்குப் போகிறது. நீட்டி வைத்தால் மேல்சதை விறைக்கிறது. முழங்காலைக் கொஞ்சம் மடக்குவதால் வேறொரு சதைக்குப் போய்விடுகிறோம்! முதன்முதலில் இதைப் படித்தபோது எழுந்து போய்ச் சுவரைப் பிடித்துச் செய்து பார்த்தேன். நீங்களும் வீடியோவை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள்.

சுவரில் இரண்டு கையையும் ஊன்றுங்கள். வலிக்கும் கால் பின்னால், மற்ற கால் முன்னால். பின்காலின் பாதம் நேராகச் சுவரைப் பார்க்கட்டும், குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது. முழங்காலை நீட்டி வைத்துச் சுவரை நோக்கிச் சாயுங்கள். கெண்டைக்காலின் மேல்பாதி இழுக்கும். 30 விநாடி. அப்புறம் அந்தப் பின்காலை அரை அடி முன்னால் கொண்டுவந்து, குதிகால் தரையிலேயே இருக்க, முழங்காலை மடக்குங்கள். இழுவை கீழே, நாணுக்குப் பக்கத்தில் இறங்குவது தெரிகிறதா? இதுவும் 30 விநாடி. காலுக்கு இரண்டு முறை போதும். கடற்கரைச் சாலையில் நடப்பவர்கள் முதல் பாதியை அழகாகச் செய்வதைப் பார்க்கிறேன். முழங்காலை மடக்கும் பாதியைப் பெரும்பாலும் யாரும் செய்வதில்லை.

ஏன் 30 விநாடி? 1994இல் வெளியான ஓர் ஆய்வில் பின்தொடைச் சதையை 15, 30, 60 விநாடி நீட்டிப் பிடித்தவர்களை ஒப்பிட்டார்கள். 15ஐ விட 30 நன்றாக வேலை செய்தது. 60 விநாடி பிடித்ததில் 30ஐ விடக் கூடுதல் பயன் கிடைக்கவில்லை. வேலைக்குப் போகும் அவசரத்தில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி.

தயவுசெய்து குதித்துக் குதித்து இழுக்காதீர்கள். சதைக்குள் நீளத்தை உணரும் நுண்ணிய உறுப்புகள் இருக்கின்றன. வெடுக்கென்று இழுத்தால் "கிழியப் போகிறது" என்று அவை செய்தி அனுப்ப, சதை தன்னைச் சுருக்கிக்கொள்கிறது. மெதுவாகப் போய், மூச்சை விட்டு, அங்கேயே நில்லுங்கள்.

அம்மாவுக்குப் பலன் தந்த இன்னொன்று: கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்பே உட்கார்ந்து, வலிக்கும் காலை மற்ற தொடைமேல் போட்டு, கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக வளைப்பது. உள்ளங்கால் பட்டை விறைப்பது மற்ற கையால் தொட்டுப் பார்த்தால் தெரியும். பத்து எண்ணும் வரை, பத்து முறை. முதல் அடிக்கு முன் செய்வதுதான் முக்கியம். ஒரே வாரத்தில் வலி போகவில்லை. அம்மாவுக்கு இரண்டு மாதம் ஆனது.

(காட்சி: கடலூர் – புதுச்சேரி சாலை, காலை நேரப் பைக்குகள்.)

இந்தச் சாலையில் தினமும் பைக்கில் போய்வந்து, நடுவில் எட்டு மணி நேரம் நாற்காலியிலும் உட்காருபவர்களுக்கு ஒரு வார்த்தை. இது குதிகாலுக்கு இல்லை, இடுப்புக்கு. இடுப்பு முதுகெலும்பிலிருந்து தொடை எலும்புக்கு வரும் சோவாஸ் என்ற சதை நாள் முழுக்கச் சுருங்கியே கிடக்கிறது. ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, புட்டத்தை இறுக்கி, இடுப்பை முன்னால் தள்ளுங்கள். முதுகை வளைக்காதீர்கள், வளைத்தால் சதை தப்பித்துக்கொள்ளும். கழுத்துக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

நம் ஊரில் எது வலித்தாலும் "நரம்பு பிடிச்சுக்கிச்சு" என்போம். பெரும்பாலும் பிடித்திருப்பது சதை. ஆனால் வலி புட்டத்திலிருந்து பாதம் வரை மின்சாரம் போல இறங்கினால், மரத்துப்போனால், அது நிஜமாகவே நரம்பாக இருக்கலாம். அதை வலிந்து இழுத்தால் கூடுதலாக வலிக்கும். தொடை இடுக்கு மரத்துப்போவது, சிறுநீர் கட்டுப்பாடு போவது இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்திருந்தால் நீட்டவும் வேண்டாம், தேய்த்துவிடவும் வேண்டாம். உள்ளே ரத்தக் குழாயில் ரத்தம் உறைந்திருக்கக்கூடும். உடனே டாக்டரிடம் காட்டுங்கள்.

சரி, இப்போது சுவருக்குப் போய் இரண்டு கால்களையும் செய்து பார்த்துவிட்டு, எந்தக் கால், எந்தப் பாதி அதிகம் இறுகியிருந்தது என்று கமெண்டில் எழுதுங்கள். அம்மாவுக்கு இடது கால், முழங்கால் மடக்கிய பாதி.