4,000 லைக் இருந்தும் கூகுளில் ஆளையே காணோம்!

(காட்சி: போன் திரை. பின்னால் தகரக் கூரையில் மழைச் சத்தம்.)

இலங்கை மலையகத்து ஹப்புத்தளையில் நமக்குத் தெரிந்த ஒரு தம்பி ஹோம்ஸ்டே நடத்துகிறார். ஜன்னலைத் திறந்தால் மேகம் கட்டிலுக்கே வந்துவிடும். அந்த வீடியோவுக்கு பேஸ்புக்கில் 4,000 லைக். ஆனால் கூகுளில் 'ஹப்புத்தளை ஹோம்ஸ்டே' என்று தேடித் தேடி விரல்தான் தேய்கிறது, ஆளைக் காணோம். "அண்ணே, லைக் பத்தலையோ? காசு குடுத்து வாங்கட்டுமா?" என்கிறார். வேண்டாம் தம்பி, அந்தக் காசுக்கு ரொட்டியும் கட்டச் சம்பலும் சாப்பிடலாம்.

பழைய கதையைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1998இல் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் கூகுளைத் தொடங்கியபோது பிடித்துக்கொண்ட யோசனை இதுதான்: ஒரு தளம் இன்னொன்றுக்கு லிங்க் கொடுத்தால் அது ஓட்டு, பெரிய இடத்து ஓட்டுக்கு மதிப்பு கூட. அவ்வளவுதான்.

இனி தேயிலைக் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு வாருங்கள்.

(காட்சி: தராசு, கொழுந்துச் சாக்குகள்.)

மலையில் பக்கத்து நிரை அக்கா, "அடியே, இன்னைக்கு நீதான் கூடக் கொழுந்து!" என்று சத்தம் போடுவார், அது மலை முழுக்கக் கேட்கும். மடுவத்தில் கணக்கப்பிள்ளை அந்தச் சத்தத்தையா செக்ரோல் என்ற பெயர்ப் பதிவேட்டில் எழுதுவார்? தராசு முள்ளைத்தான் பார்ப்பார். அதிலும் சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளென்றால் தண்ணீருக்கு இன்னொரு கழிவு. கழித்துக் கழித்து கணக்குக்கு ஒரு கிலோ குறைந்து, எங்கள் அம்மா அரைப்பேரோடு, அதாவது பாதிச் சம்பளத்தோடு வந்து இடுப்பில் கட்டிய ஈரப் படங்கை அவிழ்க்கும்போது வீட்டில் யாரும் வாயே திறக்க மாட்டோம்.

லைக் என்பது அந்த அக்காவின் சத்தம். போஸ்ட்டில் போடும் லிங்க் தராசு வரைக்கும் போகும், ஆனால் அதற்கும் கழிவு உண்டு: 'நோ-பொலோ' என்ற குறி, 'இந்த லிங்கை ஓட்டாக எண்ணாதே' என்று தேடுபொறிக்குச் சொல்வது. 2005இல் ஸ்பேம் கமென்ட் தொல்லை தாங்காமல் கூகுளும் யாஹூவும் மைக்ரோசாப்டின் எம்எஸ்என்னும் சேர்ந்து ஏற்றுக்கொண்டது. சமூக வலைத்தள லிங்குகளில் பெரும்பாலும் இது ஒட்டியிருக்கும். 2019இல் கூகுள் கொஞ்சம் இறங்கி வந்து, இனி அதைக் கட்டளையாக எடுக்காமல் ஒரு குறிப்பாகப் பார்ப்போம் என்றது. அதாவது கணக்கப்பிள்ளைக்கு மனசு வந்தால் பார்ப்பார்.

கூகுளும் பேச்சு மாற்றாமல் இல்லை. 2010 டிசம்பரில் அவர்களுடைய ஸ்பேம் தடுப்புப் பிரிவுத் தலைவர் மேட் கட்ஸ், ட்விட்டர், பேஸ்புக் லிங்குகளைக் கணக்கில் எடுப்பதாகச் சொன்னார். 2014இல் அவரே, எத்தனை லைக், எத்தனை பொலோவர் என்று தனியாகப் பார்ப்பதில்லை என்றார். நடுவில் 2011இல் 'கூகுள் பிளஸ்' என்று சொந்தமாக ஒரு சமூக வலைத்தளக் கடை வேறு. 2019இல் இழுத்து மூடினார்கள். மைக்ரோசாப்டின் தேடுபொறி பிங் சமூக வலைத்தளப் பகிர்வையும் பார்ப்பதாகத் தன் வழிகாட்டியில் முன்பு எழுதி வைத்திருந்தது, ஆனால் நம்ம தோட்ட லயத்தில் பிங்கில் தேடுகிறவர் இருந்தால் கமென்டில் கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

அப்படியென்றால் அந்த வீடியோ வீணா? இல்லை. அதைப் பார்த்த ஒரு பயண எழுத்தாளர் வந்து தங்கி, தன் தளத்தில் எழுதி லிங்க் கொடுத்தால் அது கழிவில்லாத பச்சைக் கொழுந்து. இன்னொன்று கூகுள் மேப்பில் வரும் ரிவியூ: எண்ணிக்கையும் நட்சத்திரமும் உள்ளூர்த் தேடலில் இடத்தை உயர்த்தும் என்று கூகுளே சொல்கிறது. நம்ம தம்பி மேப்பில் கடையைப் பதியவே இல்லை!

போன வாரம் பதிந்துவிட்டார். முதல் ரிவியூ, 5 நட்சத்திரம்: "மருமகன் நல்ல பிள்ளை."

தம்பி, மாமியிடம் சொல்லி அதை எடுத்துவிடு. சொந்தக்காரர் ரிவியூவைக் கண்டுபிடித்தால் கூகுளே தூக்கிவிடும்.