கீல் விழுந்த இடத்தில் கை வைக்காதீர்கள்

வணக்கம். சென்ற காணொளி முடிந்தபோது இது வில்லின் உருவத்தில் இருந்த ஒரு கட்டை. இப்போதும் பாதி கட்டைதான். ஒரு முனையைத் தரையில் ஊன்றி நடுவில் அழுத்தினால் வளைகிறது, ஆனால் வேண்டாவெறுப்பாக. பாருங்கள், இவ்வளவுதான். இன்று இதன் இரண்டு தண்டுகளையும், அதாவது கைப்பிடிக்கு இருபுறமும் நீளும் பகுதிகளை, சீராக வளையச் செய்ய வேண்டும். வில் செய்வதென்றால் கோடரியும் இழைப்புளியும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அந்த வேலை ஒரே நாளில் முடிந்துவிடும். சமன் பார்க்கும் இந்த வேலைதான் ஆளைத் தின்னும்.

புதிதாக வந்திருப்பவர்களுக்கு இரண்டு சொல் மட்டும். எய்பவரைப் பார்த்திருக்கும் பக்கம் வில்லின் வயிறு. இலக்கைப் பார்த்திருக்கும் பக்கம் முதுகு. வில்லை இழுக்கும்போது முதுகு நீள்கிறது, வயிறு நசுங்குகிறது. இது ஆஷ் மரம், நீளம் 66 அங்குலம். முதுகு முழுவதும் ஒரே ஆண்டு வளையத்தை முனைக்கு முனை அறுபடாமல் விட்டிருக்கிறேன். இனி அந்தப் பக்கம் அரம் போகாது. வளையம் அறுந்த இடத்தில் சிம்பு கிளம்பும். சிம்பு கிளம்பினால் வில் இரண்டு துண்டு. எடுக்கிற மரமெல்லாம் வயிற்றிலிருந்துதான்.

கேமராவைச் சுவர்ப் பக்கம் திருப்புகிறேன். ஒரு நிமிடம்.

சரி. இந்தப் பலகையை நானே அடித்து வைத்திருக்கிறேன். கைப்பிடி இந்தத் தாங்கியில் உட்காரும். நாணிலிருந்து ஒரு கயிறு, கீழே இருக்கும் கப்பி வழியாக என் கைக்கு வருகிறது. ஆறடி தள்ளி நின்று இழுக்கலாம். முழு வளைவும் கண்ணுக்குத் தெரியும், ஒடிந்தாலும் முகத்தில் அடிக்காது. இடையில் ஒரு ஸ்பிரிங் தராசு. பலகையில் அங்குலக் கோடுகள். இப்போது கட்டியிருப்பது வில்லைவிட நீளமான, தொங்கலான நாண். மரம் வளைந்து பழகும்வரை இதுதான்.

இழுக்கிறேன். எட்டு அங்குலம். பத்து. நிறுத்துகிறேன்.

இடது தண்டைப் பாருங்கள். கைப்பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, இங்கே, கதவுக் கீல் போல அந்த ஓரிடத்தில் மட்டும் மடிகிறது. அதற்கு அப்பால் முனைவரை அளவுகோல் மாதிரி நேராக நிற்கிறது. இப்படியே இழுத்துக்கொண்டிருந்தால் வேலை முழுவதையும் அந்த ஒரு சாண் மரமே சுமக்கும். முதலில் அங்கே வயிற்றுப் பக்கம் குறுக்காக மெல்லிய சுருக்கக் கோடுகள் விழும். அது நார்கள் நசுங்கிப்போன தடம். அதற்குப் பிறகு அந்த இடம் தேறாது.

இங்கேதான் எல்லோருக்கும் கை அரிக்கும். தப்பு நடந்த இடம் கண்ணில் படுகிறது, கத்தி தானாக அங்கே போகிறது. என்னுடைய முதல் வில்லில் நான் செய்தது அதுதான். மடிகிற இடத்தைத் ‘திருத்துகிறேன்’ என்று அங்கேயே சுரண்டினேன். இன்னும் மடிந்தது. இன்னும் சுரண்டினேன். அதற்கு ஈடுகட்ட மறு தண்டைச் சுரண்டினேன். மாலையில் என் கையில் இருந்தது ஐந்து வயதுக் குழந்தைக்கு ஏற்ற வில். கீலுக்கு மருந்து கீலில் இல்லை. அதைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் மரத்தைக் குறைக்க வேண்டும். பென்சிலால் அந்த இடத்தில் பெரிய குறுக்குக் கோடு போட்டுவிடுகிறேன். இது எனக்கு நானே போடும் தடை உத்தரவு.

எவ்வளவு குறைப்பது? மிகக் கொஞ்சம். தண்டின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்தால் அதன் விறைப்பும் பத்தில் ஒரு பங்குதான் குறையும். கனத்தில், அதாவது தடிமனில், பத்தில் ஒரு பங்கை எடுத்தால் விறைப்பு 27 சதவீதம் போய்விடும், ஏனென்றால் விறைப்பு கனத்தின் மும்மடியை (கனம் × கனம் × கனம்) பொறுத்தது. 15 மில்லிமீட்டர் கனமுள்ள இடத்தில் ஒரே ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு பலம் காலி. அதனால் முரட்டு அரத்தை இந்தக் கட்டத்தில் நான் பெட்டியில் பூட்டி வைத்துவிடுவேன். கையில் இந்த எஃகுத் தகடு மட்டும். சுரண்டினால் தூள் வரக் கூடாது, பட்டுப் போன்ற சுருள் வர வேண்டும். கேட்கிறதா அந்தச் சத்தம்? இருபது இழுப்பு, ஓரம் முதல் ஓரம் வரை ஒரே அளவாக. ஓரம் ஒரு பக்கம் மெலிந்தால் தண்டு முறுக்கிக்கொள்ளும்.

சுரண்டியவுடன் அளக்காதீர்கள். எடுத்த மரத்தின் சேதி வில்லுக்குப் போய்ச் சேரச் சற்று நேரமாகும். முப்பது முறை மெதுவாக இழுத்து விட்ட பிறகுதான் உண்மையான வளைவு தெரியும். இதைத் தவிர்த்துவிட்டு ‘ஒன்றும் மாறவில்லையே’ என்று மேலும் சுரண்டியவர்கள் பட்டியலில் நானும் உண்டு.

இன்னொரு கேள்வி: சீரான வளைவு என்றால் வட்டமா? எல்லா வில்லுக்கும் அல்ல. மெல்லிய மரம் அதிகம் வளையும், தடித்த மரம் குறைவாகத்தான் வளைய வேண்டும். கைப்பிடியில் அகன்று முனைவரை நேராகக் குறுகி, கனம் எங்கும் ஒன்றாக இருந்தால் வட்டத்தின் ஒரு பகுதி போன்ற வளைவு சரி. இந்த வில்லின் அகலம் பாதித் தண்டுவரை மாறுவதே இல்லை, கனம்தான் முனையை நோக்கிக் குறைகிறது. ஆகவே இது வெளிப்பக்கத்தில் சற்று அதிகமாக வளைய வேண்டும். கடைசி ஐந்தாறு அங்குலம் மட்டும் விறைப்பாகவே நிற்கட்டும்.

(இங்கே இரண்டு மணி நேரத்தை வெட்டிவிட்டேன். சுரண்டியதும் இழுத்ததும்தான்.)

இப்போது சரியான நாண் ஏறிவிட்டது. நாணுக்கும் கைப்பிடிக்கும் இடையே ஆறு அங்குலம். கீல் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது, நல்லது. ஒரு தந்திரம் சொல்கிறேன். இழுத்த நிலையில் புகைப்படம் எடுத்து, கைபேசியைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பழகிப்போன கண் மன்னித்த கோணலையெல்லாம் அது காட்டிக்கொடுக்கும்.

வலது தண்டு ஒரு நூல் விறைப்பாகத் தெரிகிறதே என்பீர்கள். அது வேண்டுமென்றே விட்டது. அதுதான் கீழ்த்தண்டு. வில்லைப் பிடிக்கும் கைக்கு மேலேதான் அம்பு போகிறது, இழுக்கும் விரல்களும் நடுவிலிருந்து மேலே தள்ளித்தான் இருக்கின்றன. ஆகவே மேல்தண்டில் நாண் நான்கைந்து மில்லிமீட்டர் அதிகம் தள்ளி நிற்பதுபோல் விடுகிறேன். இரண்டும் அச்சாக ஒன்று போல் இருந்தால் அழகு. எய்யும்போது கையில் உதைக்கும்.

1991-இல் ஆல்ப்ஸ் மலைப் பனியில் கிடைத்த ஓட்சி என்ற மனிதரைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முந்தையவர். அவருடன் 1.82 மீட்டர் நீளமுள்ள யூ மர வில் ஒன்று இருந்தது, வேலை முடியாமல், செதுக்கிய தடங்களுடன். மற்றவர்கள் அவருடைய செப்புக் கோடரியைப் பார்த்து வியக்கிறார்கள். எனக்கு அந்தப் பாதி வில்தான். அவருக்கும் இந்தப் பகுதி பாக்கி இருந்தது.

தராசுக்கு வருவோம். நான் விரும்புவது 28 அங்குலம் இழுக்கும்போது தராசு 40 பவுண்டு காட்டும் வில். ஆகவே எந்தக் கட்டத்திலும் 40 பவுண்டுக்கு மேல் இழுப்பதில்லை. தராசு அந்த எண்ணைக் காட்டும் அங்குலத்தில் நிறுத்திவிடுவேன். காலையில் அது 19 அங்குலம். இப்போது... 24, 25, 26. நாற்பது. நிறுத்துகிறேன். மீதி இரண்டு அங்குலத்தை இன்று சுரண்டிப் பெற மாட்டேன். கடைசியில் உப்புத்தாள் தேய்ப்பதிலேயே இரண்டு மூன்று பவுண்டு போகும், அதற்கு இடம் வேண்டும்.

நாணை இறக்குகிறேன். முதுகை மேசைமேல் வைத்தால் முனைகள் எவ்வளவு தூக்கி நிற்கின்றன என்று பார்க்கலாம். முக்கால் அங்குலம். செதுக்கியபோது நேராக இருந்தது. நாணை இறக்கிய பிறகும் நிமிராமல் தங்கிவிட்ட வளைவு இது. எவ்வளவு பங்கு அந்தக் கீல் செய்த வேலை என்று தெரிய, இடது தண்டை மட்டும் அளவுகோலோடு ஒட்டிப் பார்க்கிறேன்... ஆமாம், பாதிக்கு மேல் அங்கேதான். இரவு முழுவதும் படுக்க வைத்துவிட்டு நாளை மறுபடி அளக்கிறேன். அந்தப் பென்சில் கோட்டை இன்னும் அழிக்கவில்லை.