பெரியம்மாவோட டிரங்க் பெட்டி: 'துணையே' அணியில நான் பேசினது

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணியில உக்காந்திருக்கிற அண்ணன்மாருக்கும் அக்காமாருக்கும், சபையார் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம். "போரில் மாண்ட வீரர்களுக்கு அஞ்சலி செலுத்துவது கிறிஸ்தவ சமாதானத்துக்குத் துணையா, தடையா?" இதுதான் தலைப்பு, நான் துணைதான்னு பேச வந்திருக்கேன்.

எனக்கு முன்னாடி பேசுன எதிரணி அண்ணன், இயேசுவைப் பிடிக்க வந்தப்போ கெத்செமனே தோட்டத்துல சீஷன் பேதுரு பட்டயத்தை, அதாவது வாளை, உருவுன இடத்தை வாசிச்சாரு, "பட்டயத்தை எடுக்கிற யாவரும் பட்டயத்தால் மடிந்துபோவார்கள்"னு. அந்த வசனத்துக்கு முன்னாடி நானும் தலைகுனியுறேன், அதை வளைச்சுப் பேச எனக்கு ஆசையும் இல்ல தைரியமும் இல்ல. ஆனா நடுவர் ஐயா, அது பட்டயத்தைக் கையில எடுக்குறவனுக்குச் சொன்னது. மடிஞ்சு கிடக்கிறவனை என்ன பண்ணணும்னு கேட்டா நாம 2 சாமுவேல் முதல் அதிகாரத்துக்குப் போகணும். சவுல் ராஜா தாவீதை எத்தனை வருஷம் மலை மலையா விரட்டுனான், அப்படிப்பட்டவன் செத்துட்டான்னு ஒருத்தன் கிரீடத்தோட ஓடி வந்து சொல்றான், தாவீது சந்தோஷப்படல, வஸ்திரத்தைக் கிழிச்சுக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் உபவாசம் இருந்து அழுதான், "பராக்கிரமசாலிகள் விழுந்துபோனார்கள்"னு புலம்பல் பாடுனான். அந்தப் புலம்பல்ல சவுல் மேல ஒரு குத்தங்கூட சொல்லல, தேடிப் பாருங்க. அதோட விடாம அதை யூதா புத்திரருக்குச் சொல்லிக் குடுக்கவும் சொன்னான். அஞ்சலின்னா எனக்கு இதுதான் மாதிரி.

எங்க தெருவுல ஒரு பெரியம்மா இருந்தாங்க. மகன் எல்லையில இறந்துட்டான். உடம்பு வந்த பிறகு அவனோட டிரங்க் பெட்டியும் வந்துச்சு, கறுப்புப் பெட்டி, மூடி மேல வெள்ளை பெயிண்ட்ல அவன் நம்பரும் பேரும். வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து உள்ள இருக்கிற பச்சை ஸ்வெட்டரை மொட்டை மாடியில வெயில்ல போடுவாங்க, பூச்சி அரிச்சிடக்கூடாதுன்னு. சாயங்காலம் மடிக்கும்போது அந்தக் கையை இழுத்து இழுத்து நேராக்குவாங்க, உள்ள அவன் கை இருக்கிற மாதிரி. ஒரு தடவை சபையில அவனுக்கு நினைவு ஆராதனை, ஜெபம் பண்ணுனவர் உணர்ச்சிவசப்பட்டு சத்துருக்களை அழியும் ஆண்டவரேன்னு சத்தமா ஆரம்பிச்சுட்டாரு. பெரியம்மா எந்திரிச்சு நின்னு, "ஐயா, எம்புள்ள பேரைச் சொல்லி யாரையும் சாகச் சொல்லி ஜெபிக்காதீங்க"ன்னாங்க. அவ்வளவுதான், உக்காந்துட்டாங்க. சபையே அமைதியாயிடுச்சு.

அந்த அம்மாவைப் பாத்துட்டு அஞ்சலி சமாதானத்துக்குத் தடைன்னு எப்படிங்க சொல்றது? வெறுப்பைக் கலந்தவங்க வேற யாரோ. மகனைக் குடுத்தவங்க கலக்கல.

எதிரணி அக்கா ஒரு நியாயமான கேள்வி கேட்டாங்க, சிப்பாயை இயேசுவோட சமமா நிறுத்திடுறீங்களேன்னு. ஒத்துக்கிறேன்க்கா, அந்தத் தப்பு நடக்குது. கல்வாரியில ஆண்டவர் யாரையும் கொல்லல, போர்க்களத்துல சாகுறவன் கையிலயும் ஆயுதம் இருந்துச்சு, ரெண்டும் ஒண்ணுன்னு சொன்னா அது பொய். "ஒருவன் தன் சிநேகிதருக்காகத் தன் ஜீவனைக் கொடுக்கிற அன்பிலும் அதிகமான அன்பு ஒருவரிடத்திலுமில்லை"ங்கற வசனத்தை ஆள் சேர்க்குற போஸ்டர் மாதிரி யூஸ் பண்ணக்கூடாது. ஆனா 1971 டிசம்பர்ல பங்களாதேஷ் போர்ல, அந்த நாட்டு கங்காசாகர்ல ஆல்பர்ட் எக்கா, ஜார்க்கண்ட் பக்கத்து ஆதிவாசி கிறிஸ்தவப் பையன், தன்னோட ஆளுங்களைச் சுட்டுத் தள்ளிட்டிருந்த மெஷின் கன்னை அடக்கப் போய் காயத்தோடயே உயிரை விட்டாரே, பரம்வீர் சக்ரா குடுத்தாங்களே, அவர் கூட இருந்தவங்களுக்கு அந்த வசனம் ஒரு வரியா மட்டும் இருந்திருக்காதுல்ல. மீட்பர் ஒருத்தர்தான். அவரோட சாயல் ஒரு சிப்பாய்கிட்ட ஒரு நிமிஷம் தெரிஞ்சா அதை மதிக்கிறதுல என்ன தப்பு?

அஞ்சலி போரைப் பெருமைப்படுத்துதுன்னு சொல்றவங்க போர்க் கல்லறைத் தோட்டத்துக்குள்ள ஒரு தடவை நடந்து பாக்கணும். முதல் உலகப்போர் நடந்துட்டிருந்த 1917ல அதுக்குன்னு ஒரு கமிஷன் பிரிட்டிஷ்காரங்க ஆரம்பிச்சப்போ, அதிகாரியா இருந்தாலும் சாதா சிப்பாயா இருந்தாலும் ஒரே மாதிரி கல்லுன்னு முடிவு பண்ணாங்க, வசதியான குடும்பங்கள் எவ்வளவோ எதிர்த்தும் மாத்தல. குடும்பத்துக்கு கல்லோட அடியில 66 எழுத்துக்கு இடம், அதுக்குள்ள அப்பா அம்மா என்ன எழுத முடியுமோ எழுதிக்கணும். பெரிய தோட்டங்கள்ல ஒரு நினைவுக் கல் இருக்கும், அதுக்கு வாசகம் எடுத்துக் குடுத்தவர் இங்கிலீஷ் எழுத்தாளர் ருட்யார்ட் கிப்ளிங், அவரோட ஒரே மகன் 1915ல பிரான்ஸ்ல லூஸ் சண்டையில 18 வயசுல போயிட்டான், அப்பா சாகுற வரைக்கும் உடம்பு கிடைக்கல. அவர் எடுத்தது கத்தோலிக்க பைபிள்ல இருக்கிற சீராக் புத்தகம் 44:14, அவங்க பேர் என்னைக்கும் வாழும்ங்கற பாதி. அதே வசனத்தோட முதல் பாதி, அவங்க உடல் சமாதானத்துல அடக்கம் ஆச்சுங்கறது. அந்த ரெண்டையும் ஒண்ணா வாசிக்கச் சொல்றதுதான் எங்க அணியோட வேலையே.

அதே போர்ல 1914 கிறிஸ்மஸ் கதை எல்லாருக்கும் தெரியும், ஜெர்மன்காரனும் பிரிட்டிஷ்காரனும் பதுங்குகுழியை விட்டு வந்து பாட்டுப் பாடுனது. பாட்டைச் சொல்றோம், புதைச்சதைச் சொல்ல மாட்டேங்கிறோம். பிரான்ஸ்ல ஃப்ளெர்பே பக்கத்துல ரெண்டு பக்கத்துப் பிணங்களும் நடுவுல கிடந்துச்சு, அதையெல்லாம் அடக்கம் பண்ணி, 23ஆம் சங்கீதத்தை இங்கிலீஷ்ல ஒரு தடவை ஜெர்மன்ல ஒரு தடவை வாசிச்சாங்க. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்", ரெண்டு பாஷையில. அதுக்கப்புறம் போர் 1918 வரைக்கும் ஓடுச்சு, வாஸ்தவம்தான், ஆனா அன்னைக்கு அந்த ரெண்டு கூட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல நிக்க வச்சது எது? செத்தவங்களுக்குச் செய்ற மரியாதைதானே?

நாகாலாந்துல இருக்கிற கோஹிமாவுக்கு வாங்க, ரெண்டாம் உலகப்போர்ல 1944 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் அங்க சண்டை. துணை ஆணையரோட பங்களா டென்னிஸ் கோர்ட்டுக்கு அந்தப் பக்கம் ஜப்பான்காரன், இந்தப் பக்கம் நம்மாளு, நடுவுல கோர்ட் அகலம்தான். இன்னைக்கு அந்த மேட்டுலதான் கல்லறைத் தோட்டம், கோர்ட்டோட கோடுகளைக் கூட கான்கிரீட்ல குறிச்சு வச்சிருக்காங்க. 1,420 பேர் அங்க அடக்கம், தகனம் பண்ணுன 917 இந்து, சீக்கிய வீரர்களுக்கும் தனி நினைவிடம் இருக்கு. ஆனா என் மனசுல நிக்கிறது அதே ஊர்ல அரதுரா குன்னு மேல இருக்கிற கத்தோலிக்கப் பேராலயம். அதைக் கட்டும்போது பணம் குடுத்தவங்கள்ல அந்தச் சண்டையில செத்த ஜப்பான் சிப்பாய்களோட குடும்பங்களும் உண்டு. படையெடுத்து வந்தவங்களோட பிள்ளைங்க, எந்த ஊர்ல அப்பன் செத்தானோ அந்த ஊர்லயே ஜெபிக்கிறதுக்கு ஒரு வீடு கட்டக் காசு அனுப்புறாங்க. அப்பனை மறந்திருந்தா இந்தக் காசு வந்திருக்குமா ஐயா?

நடுவர் ஐயா மணியைத் தொடுறாரு, ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டு இறங்கிடுறேன். நம்ம வேலூர் லாங் பஜார் மணிக்கூண்டுல ஒரு வாசகம் இருக்கு, முதல் உலகப்போருக்கு இந்த ஊர்ல இருந்து 277 பேர் போனாங்க, 14 பேர் உயிரைக் குடுத்தாங்கன்னு. வெங்காயம் வாங்கப் போறப்போ அதுக்குக் கீழதான் நாம வண்டியை நிறுத்துறோம், நானும்தான். வர்ற ஞாயிறு ஆராதனை முடிஞ்சதும் நான் அங்க போய் 23ஆம் சங்கீதம் வாசிக்கப் போறேன். எதிரணி அண்ணனும் வாங்க, அக்காவும் வாங்க. பட்டயத்தைப் பத்தின வசனத்தையும் அங்கேயே வாசிங்க, நான் ஆமென் சொல்றேன்.